பயபக்தியில் பயம் எதற்கு?

‘பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்தும்!’

இந்த வார்த்தையைக் கேட்காமல் வளர்ந்த தமிழ்க் குழந்தை உண்டா? பாட்டி சொல்லியிருப்பார், அம்மா சொல்லியிருப்பார், நாமும் நம் பிள்ளைகளிடம் சொல்லியிருப்போம். மிட்டாயை எடுத்துத் தின்றுவிட்டு ‘நான் எடுக்கலை’ என்று சாதிக்கிற பிள்ளை, இந்த ஒரு வார்த்தையில் திருதிருவென்று விழிக்கும். காரியம் முடிந்தது! ஆனால், அன்று சாயங்காலமே அந்தப் பிள்ளையைக் கோயிலுக்கு அழைத்துப் போய், ‘சாமி கும்பிட்டுக்கோ’ என்கிறோம். கண்ணைக் குத்தப் போகிறவரைக் கைகூப்பி வணங்கச் சொன்னால், அந்தப் பிஞ்சு மனம் என்ன நினைக்கும்?

பெரியவர்களான பிறகும் இந்தக் குழப்பம் நம்மை விடுவதில்லை. வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால், ‘நேர்ந்துகொண்டதைச் செய்யாமல் விட்டோமே, அதனால்தானோ?’ என்று மனம் அடித்துக்கொள்கிறது. விளக்கு அணைந்தால் பயம்; தேங்காய் அழுகியிருந்தால் பயம். போதாக்குறைக்கு, அந்தப் பயத்தையே மூலதனமாக்கிக் காசு பார்ப்பவர்களும் உண்டு. இத்தனைக்கும் நடுவில், ‘பயபக்தியோடு இருக்கணும்’ என்று அறிவுரை வேறு!

பயபக்தி... எத்தனை சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்! இந்தச் சொல்லில் பக்தி இருப்பது புரிகிறது. பயம் ஏன் இருக்கிறது? கருணையே வடிவானவர் இறைவன் என்றால், அவர் முன்னால் பயத்துக்கு என்ன வேலை?

ஒரு சொல்... பல வாசல்!

இந்தச் சொல் நமக்கு மட்டும் சொந்தமில்லை. கிறிஸ்தவ அன்பர்கள் ஜெபத்தைப் பற்றிப் பேசும்போது பயபக்தி என்கிறார்கள். இஸ்லாமியப் பெரியவர்கள், ‘தக்வா’ என்ற அரபுச் சொல்லைத் தமிழில் விளக்கும்போது ‘இறையச்சம்’ என்றும் ‘பயபக்தி’ என்றும் சொல்கிறார்கள். எந்த வாசல் வழியாக உள்ளே போனாலும், செருப்பைக் கழற்றும்போது தமிழர் மனதில் எழுகிற சொல் இதுதான்.

பிரித்துப் பார்த்தால் இரண்டும் வடசொற்கள். ‘பயம்’ என்றால் அச்சம். பழந்தமிழிலும் ‘பயம்’ என்றொரு சொல் உண்டு. அதற்குப் பயன், பால், நீர் என்றெல்லாம் பொருள். அது வேறு, இது வேறு. ‘பக்தி’ என்பதற்கு வேர், ‘பஜ்’ என்ற வினை. பங்கு கொள்ளுதல், பகிர்தல், சேர்ந்திருத்தல் என்பன அதன் பொருள். ஆக, ஒரே சொல்லுக்குள் ஒரு பாதி, ‘தள்ளி நில்’ என்கிறது. மறு பாதி, ‘கிட்டே வா’ என்கிறது!

தொல்காப்பியர், எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றாக அச்சத்தைச் சொல்கிறார். அது பிறக்கும் இடங்களாக நான்கைக் காட்டுகிறார். வருத்தும் தெய்வமாகிய அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்பவையே அந்த நான்கு. இறை என்றால் இங்கே அரசன், ஆசான், தந்தை முதலான பெரியவர்கள் என்பது உரைகாரர் விளக்கம். கவனித்தீர்களா? புலியும் திருடனும் இருக்கும் அதே பட்டியலில் ஆசானும் இருக்கிறார். புலியிடம் நமக்கு வருவதும் அச்சம். ஆசானிடம் வருவதும் அச்சம். ஆனால், இரண்டும் ஒன்றா? புலியைக் கண்டால் ஓடுகிறோம். அது நம்மை ஏதாவது செய்துவிடும் என்ற பயம். நல்ல ஆசிரியரைக் கண்டால் ஓடுவதில்லை, நிமிர்ந்து உட்காருகிறோம். அவர் நம்மை அடித்துவிடுவார் என்பதற்காக அல்ல. அவர் வைத்த நம்பிக்கையை நாம் கெடுத்துவிடக் கூடாதே என்பதற்காக.

பயபக்தியில் உள்ள பயம் இவற்றில் எது? செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் கடற்கரை வரைக்கும் ஒரு சுற்று சுற்றி வந்தால், விடை கிடைக்கும்போல் தோன்றுகிறது.

சாமி குத்தமா?

முதலில் கடற்கரை.

2004 டிசம்பர் 26. சுனாமி நாளை இந்தக் கரையோரத்தில் யார் மறப்பார்கள்? மாமல்லபுரத்தில் கடல் உள்வாங்கியபோது, அதுவரை கண்ணில் படாத பாறைகள் தெரிந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். பிறகு அலை வந்தது. அதன் பின், சாளுவன்குப்பத்தில் புலிக்குகை அருகே மண்ணரிப்பால் வெளிப்பட்ட பாறையில் கல்வெட்டுகள் தென்பட, அவை காட்டிய வழியில் தொல்லியல் துறையினர் 2005-ல் அகழ்ந்தார்கள். மணலுக்கு அடியில் ஒரு முருகன் கோயில்! பல்லவர் காலக் கட்டுமானத்துக்கும் கீழே, அதைவிடப் பழைமையான செங்கல் கோயில். வடக்கு நோக்கிய சந்நிதி, கல்லில் செய்த வேல் என எல்லாம் வெளிவந்தன.

‘ஆஹா, முருகன் வெளிப்பட்டார்!’ என்று மகிழ்ந்தவர்கள் உண்டு. அந்த மகிழ்ச்சி நியாயமானது. ஆனால், அதே நாள்களில் இன்னொரு பேச்சும் காதில் விழுந்தது. ‘ஜனங்கள் பாவம் செய்தார்கள், அதனால் கடல் பொங்கியது, எல்லாம் சாமி குத்தம்’ என்றார்கள் சிலர். கரையில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தை என்ன பாவம் செய்தது? அதைத் தேடி ஓடிய தாய் என்ன குற்றம் செய்தாள்? பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டு வாசலில் நின்று ‘சாமி குத்தம்’ என்று சொல்வது பக்தியே அல்ல. அது துக்கத்தில் இருப்பவர் மீது இன்னொரு கல்லைத் தூக்கிப் போடுவது.

மீனவர்களைப் பாருங்கள். கடலைத் தாய் என்று கும்பிடுகிறவர்கள் அவர்கள். அதே சமயம், கடலின் மீது அவர்களுக்குப் பயமும் உண்டு. அந்தப் பயம் அவர்களைக் கரையிலேயே உட்கார வைத்துவிடவில்லை. வானத்தைப் பார்க்க வைக்கிறது. வாடைக் காற்றா, கச்சானா என்று கவனிக்க வைக்கிறது. வலையையும் படகையும் ஒருமுறைக்கு இரண்டுமுறை சரிபார்க்க வைக்கிறது. ‘கடல் என்னைத் தண்டிக்கும்’ என்ற பயம் அல்ல இது. ‘கடல் பெரியது, நான் சிறியவன். என் கவனம் பிசகக் கூடாது’ என்கிற பயம்.

கரையில் நின்ற துரை

அடுத்து, மதுராந்தகம். செங்கல்பட்டிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே சுமார் 25 கி.மீ. போனால், மாவட்டத்தின் மிகப் பெரிய ஏரியும், அதன் கரையருகே ஏரிகாத்த ராமர் கோயிலும் வரவேற்கும். பெரிய நம்பிகளிடம் ராமாநுஜர் பஞ்ச சம்ஸ்காரம் பெற்றுக்கொண்ட மகிழ மரத்தடி இங்கேதான்.

ஏரிகாத்த கதை நம் வாசகர்கள் பலருக்கும் தெரிந்ததே. செங்கல்பட்டு வட்டாரம், ஆற்காடு நவாப் கும்பினியாருக்குக் கொடுத்த ஜாகீர் நிலமாக இருந்த காலம் அது. 1790-களில் இங்கே கலெக்டராக இருந்தவர் லயனல் பிளேஸ் துரை. மழைக்காலம் வந்தாலே மதுராந்தகம் ஏரி உடைத்துக்கொள்ளும். ஊரும் பயிரும் நாசமாகும். செப்பனிட்டும் பலனில்லை. இந்நிலையில், கோயிலில் குவித்து வைத்திருந்த கற்களைப் பார்த்த துரை, அவற்றைக் கரைக்குப் பயன்படுத்தலாமே என்றாராம். ‘தாயாருக்குச் சந்நிதி கட்ட வைத்திருக்கிறோம்’ என்றார்கள் ஊரார். ‘உங்கள் ராமர் இந்த மழைக்கு ஏரியைக் காப்பாற்றட்டும். நானே அந்தச் சந்நிதியைக் கட்டித் தருகிறேன்’ என்றார் துரை.

மழை கொட்டியது. ஏரி தளும்பியது. நள்ளிரவில், நெஞ்சு படபடக்கக் கரைக்கு ஓடினார் துரை. அங்கே வில்லும் அம்புமாக இரண்டு இளைஞர்கள் ஒளி வீச, கரையின் மீது நடந்து காவல் காப்பதைக் கண்டார், அப்படியே மண்டியிட்டார். ஏரி உடையவில்லை. ஜனகவல்லித் தாயார் சந்நிதி எழும்பியது. அவருடைய தர்மம் அது என்பதைச் சொல்லும் கல்வெட்டைக் கோயிலில் காணலாம்.

இந்தத் தல வரலாற்றைச் சொல்லும்போது ராம லட்சுமணர் காட்சி கொடுத்ததோடு நிறுத்திக்கொள்கிறோம். துரையின் பயத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். அந்த ராத்திரி அவர் ஏன் வெளியே வந்தார்? ராமர் தண்டித்துவிடுவார் என்றா? அந்த எண்ணம் அவருக்கு இருந்திருக்க நியாயமில்லை. கரை உடைந்தால் ஊர் போய்விடுமே, தன் பொறுப்பில் இருக்கும் ஜனங்கள் என்ன ஆவார்கள் என்ற பயம். போர்த்திக்கொண்டு படுத்திருந்தால் அவருக்குக் காட்சி ஏது? மழையில் நனைந்துகொண்டு வந்தவருக்குத்தான், தனக்கு முன்பே அங்கே காவல் நிற்பவர்கள் தெரிந்தார்கள். பிறகு, சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ‘ஏரி தானாக நின்றது’ என்று சொல்லி நழுவியிருக்கலாம். கேட்க ஆள் கிடையாது. அவரோ கட்டிக் கொடுத்தார்.

பொறுப்பைக் குறித்த பயம், சொன்ன சொல் தவறிவிடக் கூடாதே என்ற பயம். இந்த இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் பக்தி பிறந்தது. வேற்று நாட்டவர், வேற்று மதத்தவர் என்ற வேலியெல்லாம் அங்கே நிற்கவில்லை.

பாம்பைத் தொடும் கை

மறுபடியும் கடற்கரைக்கு வருவோம். மாசி மகப் பௌர்ணமியன்று மாமல்லபுரம் கடற்கரையில் இருளர் மக்கள் குடும்பம் குடும்பமாகக் கூடுவார்கள். மணலில் குடில் போட்டுத் தங்கி, தங்கள் குலதெய்வமான கன்னியம்மனை வழிபடுவார்கள். கல்யாணம், காதுகுத்து, பெயர் சூட்டு என எல்லா நல்ல காரியங்களும் அந்த மணலிலேயே நடக்கும்.

இவர்களில் பலருக்குப் பாம்பு பிடிப்பது பரம்பரையாக வந்த அறிவு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள வடநெம்மேலியில், 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் பிடித்து வந்து, நஞ்சை எடுத்து, சில வாரங்களில் பாம்புகளைக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்த நஞ்சுதான் நாட்டில் பாம்புக்கடிக்கு மருந்து தயாரிக்கப் போகிறது. இந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது நினைவிருக்கலாம்.

பாம்பு பிடிப்பவருக்குப் பயம் கிடையாது என்று நினைக்கிறோம். அப்படிப் பயமே அற்றவர், அந்தத் தொழிலில் அதிக நாள் இருக்க முடியாது! நடுங்குகிற கையாலும் பாம்பைப் பிடிக்க முடியாது. அலட்சியமான கையாலும் பிடிக்க முடியாது. நடுக்கத்துக்கும் அலட்சியத்துக்கும் நடுவில் ஒரு நிதானம் இருக்கிறது. ‘இது உயிர். இதனிடம் என் உயிரை எடுக்கும் வலிமை உண்டு. இதற்கு நோகாமல் தொட வேண்டும்’ என்கிற கவனம் அது. வேலை முடிந்ததும் கொல்லாமல், புற்றும் புதருமாக இருக்கும் இடத்தில் விட்டுவிட்டு வருகிறார்களே... பயபக்திக்கு இதைவிட நல்ல விளக்கத்தை எந்த அகராதி தந்துவிடும்?

நம் வீட்டிலேயே இதைப் பார்க்கலாம். கார்த்திகை தீபத்தன்று கூடத்திலிருந்து வாசலுக்கு அகல் விளக்கை எடுத்துப் போகும் பெண், ஒரு கையால் சுடரை மறைத்தபடி அடிமேல் அடி வைத்து நடக்கிறாள். அவள் முகத்தில் பயம் இருக்கிறது. விளக்கைக் கண்டா பயப்படுகிறாள்? இல்லை. அணைந்துவிடக் கூடாதே என்று பயப்படுகிறாள்! பச்சைக் குழந்தையை முதன்முதலாகக் கையில் வாங்கும் தகப்பனுக்கும் இதே பயம்தான். அந்தப் பயத்தைப் பிரித்தால் உள்ளே அன்பைத் தவிர வேறொன்றும் இருக்காது.

தரையில் படுத்த பெருமாள்

இனி, மாமல்லபுரத்தின் மையத்தில் இருக்கும் தலசயனப் பெருமாள் கோயிலுக்குப் போவோம். 108 திவ்ய தேசங்களில் ஒன்றான திருக்கடல்மல்லை இதுவே. அன்பையே விளக்காக ஏற்றித் திருமாலைப் பாடிய பூதத்தாழ்வார் அவதரித்த ஊரும் இதுவே.

புண்டரீக மகரிஷியின் கதை தெரியுமல்லவா? தாமரை மலர்களைத் திருப்பாற்கடலில் பள்ளிகொண்டவன் திருவடியில் சேர்க்க ஆசைப்பட்டார் அவர். வழியை மறித்தது கடல். சளைக்கவில்லை. இரண்டு கைகளாலும் கடல்நீரை இறைக்க ஆரம்பித்தார். அப்போது ஒரு முதியவர் வந்தார். ‘பசிக்கிறது. சாப்பிட ஏதாவது கொடு’ என்றார். ‘இதைச் சமர்ப்பித்துவிட்டு வருகிறேன்’ என்றார் ரிஷி. முதியவரோ, ‘நீ உணவு கொண்டு வா, அதுவரை நான் இறைக்கிறேன்’ என்றார். மலர்களை அங்கே வைத்துவிட்டு, பசித்தவருக்காக ஓடினார் ரிஷி. சோற்றோடு திரும்பி வந்தால்... ஆதிசேஷன் இல்லை, பாற்கடல் இல்லை. அந்தத் தாமரைகளைச் சூடிக்கொண்டு, வெறும் தரையில் பள்ளிகொண்டிருந்தார் பெருமாள்!

ரிஷி இறைத்துக்கொண்டே இருந்திருந்தால் கடல் வற்றியிருக்குமா? ஒரு நாளும் வற்றியிருக்காது. பூஜையை நிறுத்திவிட்டுச் சோறு எடுக்கப் போன அந்தக் கணத்தில்தான், தூரம் முழுவதும் அற்றுப் போனது.

இந்தக் கோயிலில்தான் 2021 அக்டோபரில் ஒரு சம்பவம். அன்னதானத்துக்கு வந்த தங்களை உட்கார விடாமல் அனுப்பிவிட்டார்கள் என்று நரிக்குறவர் சமூகத்துப் பெண் ஒருவர் கலங்கிப் பேசிய காணொலி, தமிழ்நாடெங்கும் பரவியது. பிறகு, அறநிலையத் துறை அமைச்சர் சேகர்பாபு அங்கே வந்து, அவர்களோடு ஒரே பந்தியில் அமர்ந்து சாப்பிட்டார். பசி என்று வந்த முதியவர்தான் பெருமாள் என்று சொல்லும் தலத்தில், பசி என்று வந்தவர் மனம் நோக நேர்ந்தது என்றால், அதைவிட வேதனை என்ன இருக்கிறது?

இங்கேதான் நாம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிக்கொள்ள வேண்டும். மனிதனைக் கண்டு மனிதன் பயந்து ஒதுங்கி நிற்பது பயபக்தி ஆகாது. 1947-ல் சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் வருவதற்கு முன், கோபுரத்துக்கு வெளியே கைகட்டி நின்ற லட்சக்கணக்கானவர்களைப் பார்த்து, ‘எத்தனை பயபக்தி!’ என்று சிலர் மெச்சியிருக்கக்கூடும். அவர்கள் நெஞ்சில் பக்தி இருந்தது, உண்மை. ஆனால், அந்தப் பயம் சாமியால் வந்தது அல்ல. உள்ளே நின்றவர்களால் வந்தது. யாரோ ஒருவரைப் பயமுறுத்தி வாங்கிய ஒடுக்கத்தை, கடவுளுக்குச் செலுத்திய மரியாதை என்று கணக்கு எழுதக் கூடாது.

‘பக்தி’ என்றால் பங்கு கொள்ளுதல் என்று முன்பு பார்த்தோம். அதே வேரிலிருந்து வந்த ‘பக்தம்’ என்ற வடசொல்லுக்குச் சோறு என்றும் ஒரு பொருள் உண்டு. பிசிபேளாபாத் என்கிறோமே, அந்த ‘பாத்’ அதன் வழி வந்ததுதான்! பங்கிட்ட சோறும் பக்தியும் உடன்பிறப்புகள். அப்படியானால், அன்னதானப் பந்தியில் நாம் பயப்பட வேண்டியது எதற்கு? ‘இலையில் உட்கார்ந்திருப்பவர் மனம் கோணிவிடக் கூடாதே’ என்பதற்கு. பரிமாறும் கைக்கு வேண்டிய பயபக்தி அதுதான்.

பயம் போய்விட்டால்...

‘பயம் இல்லாவிட்டால் மனிதன் கெட்டுப் போவானே? சாமி தண்டிக்கும் என்ற எண்ணம் இருந்தால்தானே தப்பு செய்யத் தயங்குவான்?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், கண்ணைக் குத்தும் சாமிக்குப் பயந்தவன், குத்தவில்லை என்று தெரிந்த அன்றே தைரியமாகிவிடுகிறான். முதல் பொய்க்கு மறுநாள் காலை, கண் நன்றாகத்தானே தெரிகிறது! அதற்குப் பிறகு, உண்டியலில் கொஞ்சம் போட்டால் சரியாகிவிடும் என்று பேரம் பேசவும் கற்றுக்கொள்கிறான். தண்டனைப் பயத்துக்கு ஆயுள் குறைவு; அதற்கு ஒரு விலையும் உண்டு.

கெடுத்துவிடக் கூடாதே என்ற பயம் அப்படியல்ல. அதை லஞ்சம் கொடுத்துச் சரிக்கட்ட முடியாது. யாரும் பார்க்காத இடத்திலும் அது கூட வரும். ஏரிக்கரைக்கு நள்ளிரவில் போக வைக்கும். பாம்பைத் திரும்பக் காட்டில் விட வைக்கும். பூவை வைத்துவிட்டுச் சோறு எடுக்க ஓட வைக்கும்.

ஆகவே அன்பர்களே, அடுத்த முறை பிள்ளையைக் கோயிலுக்கு அழைத்துப் போகும்போது, கற்பூரத் தட்டையோ, எரிகிற அகலையோ காட்டிப் பயமுறுத்தாதீர்கள். வயதுக்கு ஏற்றபடி ஒரு சின்னப் பொறுப்பை அதன் கையில் கொடுங்கள். பூக்கூடையைத் தூக்கி வரட்டும். பிரசாதத் தொன்னையைச் சிந்தாமல் வாங்கி, பக்கத்தில் நிற்கும் முகம் தெரியாத பாட்டிக்கு முதலில் கொடுக்கட்டும். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, அந்தப் பிள்ளை மெள்ள மெள்ள நடந்து போவதைப் பாருங்கள். பயபக்தி என்றால் என்ன என்பதை நாம் அதற்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதே இல்லை!